மலைநாட்டில் “30,000 ஆண்டுப் பாறை ஓவியம்”: வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: ஹட்டனில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை ஒகஸ்ட் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் அறுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு பயணம் போக நினைக்கிறார். கைக்கு வந்த விளம்பரம் ஒன்று “ஊவா மலைக் குகைகளில் 30,000 ஆண்டுப் பழமையான பாறை ஓவியங்கள், வழிகாட்டியுடன்” என்கிறது. வேன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரு தொகை. நம்பிப் போகலாமா என்று கேட்கிறார். நான் வாசித்த அளவில் இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று, கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்பது. மற்றதை அவர் நேரே கேட்கவில்லை: நம்முடைய மலைகளில் அவ்வளவு பழைய காலத்து மனிதர் கீறிய படம் உண்மையில் இருக்கிறதா? அதற்குப் பதில் தெரிந்தால் முதலாவது தானாக முடிவாகிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பேராதனையில் தொல்லியல் படித்தவன். சில அகழ்வுகளில் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண் சலித்திருக்கிறேன். பிறகு பிழைப்புக்காகச் சுற்றுலா வழிகாட்டியாகி, பதுளையை இருப்பிடமாக வைத்துக்கொண்டு இன்றுவரை அதே வேலைதான். ஆகவே குகைத் தரையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம். சுவரில் இருக்கும் பூச்சை ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் நான் அல்ல. அந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதியதையும் என் கண் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

பழைய மனிதர் இங்கே இருந்தார்கள் என்பதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். களுத்துறை மாவட்டத்தில் பாஹியங்கல குகையில் மனிதர் வாழ்ந்த தடயம் ஏறக்குறைய 48,000 ஆண்டு பின்னுக்குப் போகிறது. குருவிட்டைப் பக்கம் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இருக்கும் படதொம்பலென குகையில் சுமார் 36,000 ஆண்டு. உங்கள் ஹட்டனிலிருந்து அவிசாவளை வீதியில் இறங்கினால் வரும் கித்துல்கலவில் பெலிலென என்ற குகை இருக்கிறது. அங்கே 1970-களின் கடைசியிலிருந்து சிரான் தெரணியகல தலைமையில் தோண்டினார்கள். மனித எலும்புகள், குவார்ட்ஸ் எனும் வெள்ளைக்கல்லில் செதுக்கிய சின்னஞ்சிறு கருவிகள், தீயில் கருகிய கெக்குண என்ற காட்டுமரக் கொட்டைகள், மரநத்தை ஓடுகள் என்று அடுக்கடுக்காக வந்தன. கடற்கரையிலிருந்து உப்பு வந்ததற்கான அடையாளமும் அங்கே கிடைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். “பலாங்கொடை மனிதன்” என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அந்தப் பெயரை வைத்தவர் இவருடைய தந்தை போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. பாஹியங்கலவில் கிடைத்த எலும்பு அம்புமுனைகளைப் பார்த்தால், இவர்கள் மந்தியையும் குரங்கையும் மலை அணிலையும் அடித்துத் தின்ற காட்டுவாசிகள் என்று தெரிகிறது. மழைக்காட்டில் மனிதரால் பிழைக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் எழுதியவர்களுக்கு உலக அளவில் பதில் சொன்ன இடங்கள் இவை.

உயரமான மலைநாட்டிலும் இது உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஸ்கெலியா முதலிய மலைநாட்டு இடங்களில் ஜான் போல் என்ற தோட்டத் துரையும், ஈ. ஈ. கிரீன் என்ற பூச்சியியல் அறிஞரும் கற்கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். இலங்கையில் கற்காலக் கருவி என்று அடையாளம் கண்ட முதல் சேகரிப்புகள் அவைதான். தேயிலைக்காகக் காடு வெட்டி, வடிகான் வெட்டி, மண்ணைப் புரட்டியபோது மேலே வந்த கற்கள். புரட்டிய கைகள் யாருடையவை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. பண்டாரவளைப் பகுதியின் புல்மேடுகளிலிருந்து எடுத்த கருவிகளை வைத்துத்தான் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இலங்கைக் கற்காலத்தைப் பற்றியே எழுதினார்கள். ஹோர்ட்டன் சமவெளியிலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கே சேற்றுப் படிவுகளில் இருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து, பனியுகத்தின் பிற்பகுதியிலேயே மனிதர் காட்டை எரித்து மேய்ச்சல் நடத்தினார்கள் என்று ஒரு கருத்து வெளிவந்தது. கருவி கிடைத்தது உறுதி. மேய்ச்சல் நடந்தது என்பது வாதத்தில் இருப்பது. வழிகாட்டிகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள், கவனம்.

எல்லவில் இராவணன் குகை என்று எல்லோரும் ஏறும் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940-களில் அங்கே தோண்டியபோது கற்கால மனித எச்சங்கள் கிடைத்தன. அவற்றில் சில எலும்புகளில் சிவப்புக் காவி பூசியிருந்தார்கள். செத்தவரின் எலும்பை எடுத்துக் காவி தடவிப் புதைத்திருக்கிறார்கள். பாஹியங்கலவிலும் அதே வழக்கம். ஆக, கற்கால மனிதர் கையில் வண்ணம் இருந்தது. அதை எடுத்து எதன்மேலாவது பூசும் பழக்கமும் இருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு அவர்கள் சுவரிலும் கீறியிருக்க மாட்டார்களா என்ற ஆசை யாருக்கும் வரும். எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் குகைச் சுவரில் ஓவியம் என்று சொல்லத்தக்க எதையும் நான் பார்த்ததில்லை. அங்கே காட்டுகிறேன் என்று கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் நீர் வழிந்த கறையையும் பயணிகள் எழுதிய பெயர்களையும்தான் காட்டுவார்.

இங்கேதான் விளம்பரத்தின் வித்தை இருக்கிறது. மேலே நான் சொன்ன வயதெல்லாம் தரைக்கு உரியவை. அடுப்புக் கரித்துண்டு மண்ணோடு மண்ணாகப் படிந்து, அதன்மேல் அடுத்த படை வந்து மூடியதால் அந்தக் கரியில் ரேடியோ கார்பன் பார்த்துக் காலம் சொல்ல முடிகிறது. சுவரில் இருக்கும் கீறலுக்கு அந்த வயது ஒட்டாது. தோட்டத்து லயம் 1890-இல் கட்டியது என்பதற்காக அதன் சுவரில் பிள்ளைகள் கரியால் கிறுக்கிய மாட்டுவண்டியும் 1890-ஐச் சேர்ந்ததாகிவிடாது. ஒரே குகை, தரை 30,000 ஆண்டு, சுவர் போன நூற்றாண்டு என்று இருப்பதில் எந்த முரணும் இல்லை. ஏஜென்டுகள் தரையின் வயதைத் தூக்கிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று செய்வதாக நான் நினைக்கவில்லை. பலருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்படியானால் சுவர் ஓவியத்துக்கு நேரடியாகவே வயது பார்க்க முடியாதா? சில நாடுகளில் முடிந்திருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 45,000 ஆண்டுக்கு மேற்பட்ட பன்றிப் படம் என்று செய்தி படித்திருப்பீர்கள். அங்கே குகைகள் சுண்ணாம்புப் பாறையில் அமைந்தவை. ஓவியத்தின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் படலம் படிந்திருக்கும். அதில் இருக்கும் யுரேனியம் சிதைந்த அளவைப் பார்த்து, கீழே இருக்கும் ஓவியம் இதைவிடப் பழையது என்று சொல்லலாம். நம்முடைய மலைநாட்டுப் பாறை பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைட் போன்ற கடும்பாறை. அதன்மேல் அப்படிப் படலம் கட்டுவது அபூர்வம். இலங்கை ஓவியங்களில் அதிகமாகத் தெரிவது வெள்ளை நிறம்: சாம்பல் அல்லது வெள்ளைக் களி. அங்கங்கே சிவப்பும் கருப்பும். சாம்பலில் காலம் பார்க்கத் தக்க கரிமம் மிச்சம் இருப்பது மிகக் குறைவு. களியிலும் காவியிலும் அதுவும் கிடையாது. இந்தத் தீவில் எந்தப் பாறை ஓவியத்துக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட நேரடி வயதை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் மகிழ்ச்சியோடு இந்தப் பத்தியை மாற்றி எழுதுவேன்.

வயது தெரியாவிட்டாலும் யார் கீறினார்கள் என்பதற்கு ஒரு வலுவான சாட்சியம் இருக்கிறது. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1907, 1908 காலத்தில் இந்தத் தீவின் பழங்குடியான வேடர்கள் மத்தியில் தங்கி ஆராய்ந்து 1911-இல் அதை நூலாக வெளியிட்டார்கள். வேடர் தங்கிய குகைகளில் வெள்ளை உருவங்களைப் பார்த்து அவற்றைப் படியெடுத்ததோடு, எப்படிச் செய்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். ஆண்கள் வேட்டைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருக்கும் பெண்கள் கீறுவது என்றும், சாம்பலை உள்ளங்கையில் போட்டு எச்சில் விட்டுக் குழைத்து ஆட்காட்டி விரலால் பூசுவது என்றும் பதில் கிடைத்தது. ஆக, இந்தக் கலை குறைந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை உயிரோடு இருந்திருக்கிறது. அதை எந்தக் காலத்திலிருந்து செய்துவந்தார்கள் என்பதுதான் திறந்திருக்கும் கேள்வி. ஆய்வாளர்களிலும் இரண்டு பக்கம் உண்டு. பெரும்பாலானவை சில நூறு ஆண்டுக்கு உட்பட்ட வேடர் கைவேலை என்பது ஒரு பக்கம். வெள்ளைக்கு அடியில் மங்கிக் கிடக்கும் சில சிவப்பு உருவங்களும் பாறையில் குடைந்த கீறல்களும் மிகப் பழையவையாக இருக்கலாம் என்பது மறுபக்கம். நான் முதல் பக்கம் சாய்கிறவன். காரணம் உருவங்களிலேயே இருக்கிறது. சில இடங்களில் விலங்கின்மேல் ஆள் ஏறியிருப்பதாகக் கீறியிருக்கிறார்கள். யானைமேலோ குதிரைமேலோ ஆள் இருந்தால் அது கற்காலமாக இருக்க முடியாது. குதிரை இந்தத் தீவின் காட்டு விலங்கே அல்ல, கடல் தாண்டிக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படிவில் காண்டாமிருகம், நீர்யானை எலும்பெல்லாம் கிடைத்திருக்கிறது. அந்த மிருகங்கள் சுவரில் இல்லை. வழிகாட்டி ஒருவர் நான்கு கால் கிறுக்கல் ஒன்றைக் காட்டி “இது அழிந்துபோன காண்டாமிருகம்” என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். பன்றியாகத்தான் இருக்கும்.

இடங்களைப் பற்றி. பாறை ஓவியம் நன்றாகப் பதிவான இடங்கள் பெரும்பாலும் உயர்ந்த மலையில் இல்லை. மலை இறங்கிச் சமவெளியைத் தொடும் கிழக்குப் பக்கக் காடுகளிலும் அதற்கு அப்பாலும்தான் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தில் லாகுகலைக்கு அருகே ஹுலன்னுகே, வடக்கே அனுராதபுர மாவட்டத்தில் தந்திரிமலை என்று பெயர் பெற்றவை எல்லாம் உங்களுக்கு ஒருநாள் பயணத்தில் அடங்காதவை. மேற்குச் சரிவில் கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொலைப் பக்கம் தொரவக்க என்ற குகை உண்டு. அங்கே இருப்பது பூச்சு ஓவியம் அல்ல, பாறையில் குடைந்த குறியீடுகள். தோண்டியதில் கற்கருவிகளும் பானை ஓடுகளும் கிடைத்தன. குறியீடுகள் எந்தப் படையோடு சேர்ந்தவை என்பது அங்கும் அதே சிக்கல்தான். ஊவாவில் என்றால் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கி நில்கலைப் பக்கம் போகும் காடுகளும், மகியங்கனைக்கு அருகே தம்பானையைச் சுற்றிய பகுதிகளும்தான் வேடர் வாழ்ந்த குகைகள் உள்ள நாடு. செலிக்மன் தம்பதியர் சுற்றியதும் இந்தக் கிழக்குப் பக்கத்தைத்தான். விளம்பரத்தில் சொல்லும் குகை அங்கே எங்காவது இருந்தால் ஏதோ பார்க்கக் கிடைக்கும் என்று நம்பலாம். எல்ல நகரிலிருந்து முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம் என்றால் நம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். சீகிரிய அழகிகள் 5-ஆம் நூற்றாண்டு, காசியப்பன் காலம். தம்புள்ளைக் குகைக்கோயில் ஓவியங்களில் இன்று கண்ணில் படுபவை பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் கண்டி மரபு. பல குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டுவதற்காக ஒரு விளிம்பு வெட்டியிருக்கும், அதன்கீழே பிராமி எழுத்தும் இருக்கும். அது பௌத்த பிக்குகளுக்குக் குகையைத் தானம் கொடுத்த காலம், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு தொட்டு. இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். வரலாற்றுக்கு முந்தியவை அல்ல, அவ்வளவுதான்.

சரி, உண்மையான ஒரு சுவர்முன் நின்றால் எதைப் பார்ப்பது? முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் “எங்கே அங்கிள்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கண் பழகியதும் முதலில் ஒரு கோடு தெரியும். அதன் அகலத்தைப் பாருங்கள். ஒரு விரல் அகலம், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தொடங்கிய இடத்தில் வெள்ளை கட்டியாக இருக்கும். இழுக்க இழுக்க மெலிந்து, பாறையின் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களை விட்டுவிட்டு, கடைசியில் மங்கிப்போகும். அங்கே விரலில் சாம்பல் தீர்ந்துவிட்டது. மறுபடி தொட்டுக்கொண்டு அதே இடத்திலிருந்து தொடர்ந்திருப்பார்கள், இணைப்பில் கொஞ்சம் தடிப்பு இருக்கும். ஒரு நேர்கோடு உடம்பு, நான்கு கோடு கை கால், சில வேளை விரல்களுக்குப் பதில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். மான், உடும்பு, சிறுத்தை, வில் பிடித்த ஆள், புள்ளி வரிசைகள், வலைப்பின்னல் கட்டங்கள். மத்திய இந்தியாவின் பீம்பேட்காப் பாறை ஓவியங்கள் மாதிரிக் கூட்டம் கூட்டமாக ஆடும் மனிதரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலான உருவங்கள் உள்ளங்கை அளவைத் தாண்டாது.

கறையை ஓவியத்திலிருந்து பிரிப்பதும் அவ்வளவு கஷ்டம் இல்லை. இயற்கைக் கறை தண்ணீர் போன வழியில் மேலிருந்து கீழே இறங்கும். இரும்புச் சத்து கசிந்த சிவப்பு, வெடிப்பின் ஓரமாகவே போகும். பாசி வட்டமாகப் படரும், விளிம்பு சுருண்டிருக்கும். இவற்றைவிட அடிக்கடி ஆளை ஏமாற்றுவது வெற்றிலைச் சுண்ணாம்பு. தேன் எடுக்க வருபவரும் மாடு தேடி வருபவரும் குகை வாசலில் இருந்து வெற்றிலை போட்டுவிட்டு விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பாறையில் துடைத்துவிட்டுப் போவார்கள். அதே வெள்ளை, அதே விரல் அகலம். ஆனால் உட்கார்ந்த ஆளின் தோள் உயரத்தில், வாசல் பக்கமாக, கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இருக்கும். உருவம் எதுவும் அமையாது. அதைக் காட்டி “அம்பு” என்று விளக்கம் சொன்ன வழிகாட்டியையும் பார்த்திருக்கிறேன்.

போனில் படம் எடுத்துவந்தால் வீட்டில் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். டிஸ்ட்ரெட்ச் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நிறங்களின் சின்ன வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். உலகெங்கும் பாறை ஓவியம் ஆராய்கிறவர்கள் பயன்படுத்துவது. மங்கிய சிவப்பை எழுப்புவதில் கெட்டிக்காரன். பிளாஷ் இல்லாமல், நிழல் விழாமல், சுவருக்கு நேரே நின்று எடுத்த படமாக இருந்தால் நல்லது.

சிலர் ஓவியம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று போத்தல் தண்ணீரை எடுத்துச் சுவரில் விசிறுவார்கள். சோக்கால் கோட்டைச் சுற்றிக் கீறிக் காட்டுகிறவர்களும் உண்டு. உங்களைக் கூட்டிப்போகிறவர் இதில் ஒன்றைச் செய்யப்போனால் அங்கேயே நிறுத்துங்கள். சாம்பலும் எச்சிலும்தான் அது. பிசின் கிடையாது, எண்ணெய் கிடையாது. பாறை நெற்றி மழையைத் தடுத்ததால் மட்டும் இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூரில் சிவப்புக் காவி ஓவியங்கள் இருக்கின்றன. 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு நம் சொந்தங்கள் பலர் போய்க் குடியேறிய மலை அது. அங்கே போகிறவர்கள் கீறியும் எழுதியும் நிறையவே நாசமாகிவிட்டது. நம் பக்கத்தில் இதோடு புதையல் தோண்டுகிறவர்களின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. குகைத் தரையை இரவோடு இரவாகக் குழி பறித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தேடும் தங்கம் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை, ஆனால் படைகள் கலங்கிய பிறகு அந்தத் தரையில் எந்த வயதும் சொல்ல முடியாது.

சட்டத்தையும் சொல்லிவைக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1998-இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. பெயர் கிறுக்கினாலும், தரையில் கிடக்கும் வெள்ளைக்கல் துண்டொன்றைச் சட்டைப்பையில் போட்டாலும் குற்றம்தான். 2015-இல் சீகிரியக் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம் தமிழ்ப்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறை விதித்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் விட்டது நினைவிருக்கும். அறிவித்தல் பலகையை வாசிக்கத் தெரியவில்லை என்பதை நீதிமன்றம் கேட்காது. பல குகைகள் இன்று விகாரைகளோடு சேர்ந்தவை. செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த ஏஜென்ட். காசு கட்டும் முன் அவரிடம் கேட்க வேண்டியது முதலில் குகையின் பெயரும் அது எந்தப் பிரதேசச் செயலகப் பிரிவில் இருக்கிறது என்பதும். “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்றால் விட்டுவிடுங்கள். பெயர் சொன்னால், 30,000 என்பது தரையில் கிடைத்த கரிக்கா, சுவர் ஓவியத்துக்கா என்று கேளுங்கள். தடுமாறினால் அவர் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை, ஆனால் வழிகாட்டிச் சம்பளம் கேட்பதற்குரிய ஆயத்தம் அவரிடம் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை வகையாக உண்டு. அட்டை இருந்தால் ஓவியம் தெரியும் என்று பொருள் கிடையாது. அசம்பாவிதம் நடந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அதன் பயன். குகை காட்டு இலாகாவின் அல்லது வனவிலங்குத் திணைக்களத்தின் எல்லைக்குள் இருந்தால் நுழைவு அனுமதியை யார் எடுப்பது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். தமிழில் விளக்கும் வழிகாட்டிகள் இந்தத் துறையில் ஊவாவில் ஒரு சிலர்தான். சிங்களத்தில் சொல்வதை நீங்களே பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டிவரும், அதற்குத் தயாராகப் போங்கள்.

அந்த வேன் பயணத்தில் தம்பானை வேடர் கிராமமும் சேர்ந்திருந்தால் அதை நீக்கச் சொல்லாதீர்கள். சிறிய நூதனசாலை ஒன்று இருக்கிறது. கேட்டால் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்பு விட்டுக் காட்டுவது, ஆடிக் காட்டுவது எல்லாம் வந்தவர்களுக்காக நடப்பது. அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காட்டைச் சரணாலயமாக்கிய பிறகு அவர்களுடைய வேட்டை எப்படிக் குற்றமானது என்று கேட்டுப் பாருங்கள். அதைப் பிள்ளைகளும் கேட்கட்டும். கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் இருப்பதும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

என் முடிவு: ஓவியத்துக்காக மட்டும் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டாம். கற்காலம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் உங்களுக்குப் பக்கம் கித்துல்கல பெலிலென. சுவரில் எதுவும் இல்லை, ஆனால் மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டு சமைத்துத் தின்று படுத்த தரை அது. இரத்தினபுரி நூதனசாலையில் கருவிகளைக் கண்ணாடிக்குள் கிட்ட வைத்துப் பார்க்கலாம். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் பிறை வடிவிலும் முக்கோணமாகவும் செதுக்கியவை. ஒரு பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டல்கள் தெரியும். அந்தத் தட்டல் வரிசைதான் கருவியையும் தானாக உடைந்த கல்லையும் பிரிக்கும் அடையாளம். இதைப் பார்த்துப் பழகிய பிள்ளை ஊருக்கு வந்து தோட்டப் பாதையில் அப்படி ஒரு கல்லைக் கண்டுபிடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பேராதனைத் தொல்லியல் துறைக்கோ அனுப்புங்கள்.

காலநிலை மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் எதிராக இருக்கிறது. ஒகஸ்டில் கித்துல்கலவில் தென்மேற்குப் பருவ மழை விடாது. பாதை வழுக்கும், அட்டை காலை விடாது. பெலிலெனவைப் பெப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள். ஒகஸ்டில் காய்ந்து கிடப்பது பிபிலை, மகியங்கனைப் பக்கம்தான். வெயில் கடுமை. காலை ஏழு மணிக்கெல்லாம் காட்டோரத்தில் இருக்க வேண்டும், நான்கு மணிக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும், யானை நடமாட்டம் உள்ள இடம். பாறை நெற்றிகளில் பெருங்குளவியும் மலைத்தேனீயும் கூடு கட்டியிருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் குளவி கொட்டுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாசனைத் திரவியம் வேண்டாம், குகைக்குள் பிள்ளைகள் கத்த வேண்டாம், புகை போட வேண்டாம். அதே மாதத்தில் கண்டியில் பெரஹரா வரும் என்பதால் கண்டி வழியை விட்டு நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று போங்கள்.

அம்மாவின் முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. எல்ல குகைக்கு நூற்றுக்கணக்கில் செங்குத்தான படி, வேண்டாம். பிபிலைப் பக்கத்துக் குகைகள் பலவற்றுக்கு வேன் நிற்கும் இடத்திலிருந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், கடைசிப் பகுதி பாறை ஏற்றம். தம்பானை தரைமட்டம், அவர் பிள்ளைகளோடு அங்கே ஒரு பொழுது தாராளமாக இருக்கலாம். ஏஜென்ட் குகையின் பெயரைச் சொன்னால் அதை இங்கே எழுதுங்கள். நான் போன இடமாக இருந்தால் சுவரில் என்ன மிச்சம் இருக்கிறது, எத்தனை மணி நேர நடை என்று சொல்கிறேன்.